எண் பொருத்தம்

பார்ட்டன் வீதியில் என் கடைக்கு
முதலில் வந்தது வெறும் பெட்டி.
தொண்ணூறாம் ஆண்டுக் கேம்பாய்க்கு உடன் வந்த அட்டை.
உள்ளே தூண்டில் முட்கள்,
காதுக் கருவிக்குப் போடும் பொத்தான் பற்றரிகள்.
மேசையில் கொட்டிவிட்டு
"இதுக்கு ஏதும் தருவியா?" என்றார்
ரோமன் கொவால்சுக்,
ஹமில்டன் உருக்காலையில் முப்பது வருடம்.

இந்த வியாபாரத்தில் உமிக்குத்தான் விலை.
கருவி ஓடினால் அறுபது டொலர்,
ஓடாவிட்டால் இருபது.
மூலை மடங்காத வெறும் பெட்டி நூற்று நாற்பது.
பிள்ளைகள் கருவியை வைத்துக்கொண்டார்கள்,
தாய்மார் பெட்டியைக் குப்பையில் போட்டார்கள்.
எறிந்தது ஏறும்.
நான் போட்ட விதியல்ல.

"கருவி எங்கே?"
விலைக்காகத்தான் கேட்டேன்.
"தம்பி கொண்டுபோயிற்றான். தெனிஸ்.
தொண்ணூற்று நாலில், வீட்டை விட்டுப் போகேக்க.
பெட்டியை நான் குடுக்கேல்லை."
சொத்து வழக்கில் வென்றவர் மாதிரிச் சொன்னார்.

எண்பது கொடுத்தேன்.
முட்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
பனிக்குள் இறங்கினார்.
பேரேட்டில் எழுதினேன்: பெயர், தொலைபேசி,
பெட்டியின் அடியிலிருந்த எண். கடைசி நாலு இலக்கம் 7392.

பெட்டி கல்கரிக்குப் போனது.
இயன் என்றொரு பல் வைத்தியர்
நூற்று அறுபத்தைந்துக்கு வாங்கினார்.
பெட்டியின் எண்ணும் கருவியின் முதுகிலுள்ள எண்ணும்
ஒன்றாயிருந்தால்
விலை எங்கோ போய்விடும் என்றார்,
எங்காவது கண்டால் தன்னை மறக்கவேண்டாம் என்றார்.
பத்துப் பொருத்தம் தேடி, ஏழுக்கு இறங்கி,
ஐந்தில் கட்டிவைக்கப்பட்டவள் நான்.
எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இரண்டு மார்ச் கழிந்தது.
வாடகை அறைகளைக் காலிசெய்யும் பெண்ணொருத்தி
கறுப்புக் குப்பைப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.
பதினொரு சாமான்.
அதில் ஒரு கேம்பாய்: வெயிலில் மஞ்சளித்த உடம்பு,
பற்றரிக் குழியில் பச்சை உப்பு,
திரையில் நாலு செத்த கோடுகள்.
முதுகில் கத்தி முனையால் கீறியிருந்தது
தெ.கொ. தொடாதே.

விலைப்பட்டியலில் பெயர் என்பது சேதம்.
இருபத்தைந்து கழியும்.
கழித்துவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தேன்.
பேரேட்டைத் தேடவில்லை.
சில எண்கள் ஆளோடு சேர்ந்து ஞாபகம் இருக்கும்.

"அறையில் இருந்தவர்?"
"போயிற்றார்" என்றாள்.
எந்த மொழியில் சொன்னாலும்
அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்.
நான் எதையென்று கேட்கவில்லை.
பையோடு சேர்த்து நாற்பது கொடுத்தேன்,
அதிகம் என்று நினைத்திருப்பாள்.

வினாகிரியில் தோய்த்த பஞ்சால் உப்பைத் துடைத்தேன்.
திரைக்குக் கீழே ஈயம் உருக்கும் கம்பியால்
மெல்லச் சூடு காட்டினால் செத்த கோடுகள் எழும்பும்.
ஒன்று எழும்பியது. இரண்டு. மூன்று.
நாலாவது எழும்பவில்லை.
மறுபடி காட்டினேன். வாசம் வந்தது. விட்டுவிட்டேன்.

கல்கரிக்கு எடுத்துச் சொன்னேன்.
மூச்சு வாங்கிக்கொண்டு நானூற்று இருபது என்றார் இயன்,
பெயரைத் தேய்த்து எடுத்தால்
இன்னும் ஐம்பது.
யோசிக்கிறேன் என்றேன்.
யோசிக்க என்ன இருக்கிறது என்றார்.
வாடகைக்கு இன்னும் ஐந்து நாள்,
அவர் கேட்டதில் பிழையில்லை.

பேரேட்டில் அதே வரியில்
7392க்குப் பக்கத்தில் ரோமனின் இலக்கம்,
அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் எண்பது.
பெட்டியைத் திருப்பிக் கேட்டால்
என்னிடம் இல்லை.

அழைக்கிறேன்.
அவருக்குக் காது சரியில்லை,
மணி நீளத்துக்கு அடிக்கிறது.
மற்றக் கையில் கருவி ஓடுகிறது.
மேலிருந்து விழும் கட்டைகள்
அந்தச் செத்த கோட்டைத் தாண்டும்போது
ஒரு நூலளவு காணாமற்போய்
மறுபக்கம் வருகின்றன.